இல்லை என்று சொல்ல ஓர் ஆள்

செங்கல்பட்டில் நான் முதலில் படித்த பாடம், அறை கேட்கும்போது அதிகம் பேசக்கூடாது என்பது. ரயில் நிலையத்துக்கு எதிரே ஒரு சந்தில் இருந்த விடுதியில், மேசைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தவர் சாவியை எடுத்து நீட்டிவிட்டார். நான் சும்மா இருந்திருக்கலாம். "குளிக்கிறதுக்குச் சுடுதண்ணி கிடைக்குமோ?" என்று கேட்டேன். சாவி பாதி வழியில் நின்றுவிட்டது.

"சார் சிலோனா?"

"ஓம். கொழும்பில இருந்து வாறன்."

"தப்பா நெனச்சுக்காத சார். சிலோன் ஆளுங்களுக்கு ரூம் குடுத்தா ஸ்டேஷன்ல போயி சொல்லிட்டு வரணும். நாளைக்கு அவங்க வந்து இன்னா ஏதுன்னு கேட்டா எனக்குத்தான் பேஜாரு."

கடவுச்சீட்டைக் காட்டினேன். அலுவலகக் கடிதத்தைக் காட்டினேன். அதில் இருந்த பெரிய முத்திரையைப் பார்த்ததும் அவருக்குப் பயம் இன்னும் கூடிவிட்டது. எனக்குக் கோபம் வரவில்லை. தொண்ணூறுகளின் பிற்பகுதி அது. கொழும்பிலும் தமிழன் ஒருவன் விடுதியில் தங்கினால் பொலிசில் பதிய வேண்டும். அங்கே சிங்களத்தில் கேட்பார்கள், இங்கே தமிழில் கேட்கிறார்கள் என்பதே ஒரு முன்னேற்றமாகப் பட்டது. பெட்டியைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்தேன். எதிரே கொளவாய் ஏரி மாலை வெயிலில் தகடுபோலக் கிடந்தது. அறை கிடைக்காத மனிதனுக்குக்கூட அது அழகாகத்தான் இருந்தது.

நான் மருத்துவன். எங்கள் பிரதேச நாடுகள் பல சேர்ந்து போலியோவை ஒழிக்கப் பாடுபட்ட காலத்தில், அதற்கான செயலகத்துக்கு இரவலாகப் போயிருந்தேன். செங்கல்பட்டுக்கு வந்தது ஆள் பிடிக்க. ஒரு நாடு 'எங்களிடம் இப்போது போலியோ இல்லை' என்று சொன்னால், அதை நம்பலாமா என்று தீர்மானிக்க ஒரு குழு வேண்டும். குழுவில் இருப்பவர் எந்த அரசாங்கத்தின் ஆளாகவும் இருக்கக்கூடாது. ஒழிப்பு வேலையில் பொறுப்பு வகிப்பவராகவும் இருக்கக்கூடாது. சம்பளம் கிடையாது. வழிச்செலவும் வசவும் மட்டும் கிடைக்கும்.

தமிழ்நாட்டிலிருந்து ஒருவர் வேண்டும் என்று எங்கள் இயக்குநர் முடிவு செய்தார். பெயரையும் அவரே சொன்னார். டாக்டர் பத்மாவதி, ஓய்வுபெற்ற குழந்தை மருத்துவர், செங்கல்பட்டு. "நல்ல பெயர் உள்ளவர். எல்லோருடனும் ஒத்துப்போவார். போய்ச் சம்மதம் வாங்கிக்கொண்டு வாரும்" என்றார். ஒத்துப்போவார் என்று சொல்லும்போது அவர் முகத்தில் ஒரு நிம்மதி தெரிந்தது. அப்போது நான் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

விடுதிக்காரர் கைவிட்ட பிறகு எனக்குத் தெரிந்த ஒரே முகவரி அந்த அம்மாவுடையதுதான். ஆட்டோ பிடித்துப் போனேன். கதவைத் திறந்தவர் உயரமான பெண்மணி. நரைத்த தலைமுடியை இறுக்கிக் கட்டியிருந்தார். கையில் கரண்டி. நடந்ததைச் சொன்னதும் வாய்விட்டுச் சிரித்தார்.

"எந்த லாட்ஜ்? மாடிப்படிக்குக் கீழ பிள்ளையார் இருக்குமே, அதா? அந்த ஆளோட ரெண்டு பிள்ளைங்களுக்கும் நான்தான் ஊசி போட்டேன். இருங்க."

தொலைபேசியில் அவர் பேசியது நாலு வாக்கியம் இருக்கும். அதில் மூன்று, பிள்ளைகள் எப்படி இருக்கிறார்கள் என்ற விசாரணை. நான் திரும்பிப் போனபோது விடுதிக்காரர் பெட்டியைத் தானே வாங்கிக்கொண்டார். "டாக்டரம்மா ஊட்டுக்கு வந்த ஆளுன்னு முன்னாடியே சொல்றதுக்கு இன்னா சார்" என்று என்னைக் கடிந்துகொண்டார். ஸ்டேஷனுக்கு அவரே போய்ச் சொல்லிவிட்டும் வந்தார். சுடுதண்ணீர் வாளியில் வந்தது.

மறுநாள் காலை இட்லியும் வடைகறியும் சாப்பிட்டேன். எங்கள் ஊரில் பிட்டுக்கும் இடியப்பத்துக்கும் சம்பலும் சொதியும் இருந்தால் போதும் என்று நினைப்பவன் நான். கடலைப்பருப்பு வடையை உதிர்த்துக் குழம்பில் போடுவார்கள் என்று யாரும் எனக்குச் சொல்லியிருக்கவில்லை. இன்னொரு தடவை கேட்டு வாங்கினேன். பரிமாறியவர், "ஊர்ல இதெல்லாம் இல்லியா?" என்று அனுதாபத்தோடு கேட்டார். இல்லை என்று சொல்லும்போது கொஞ்சம் வெட்கமாகத்தான் இருந்தது.

பத்மாவதி அம்மாவுடன் பேசிய முதல் அரைமணி நேரம் வெண்ணெயில் கத்தி போனதுபோலப் போனது. குழு எதற்கு, எத்தனை தடவை கூடும், எந்த நாட்டு அறிக்கைகள் வரும் எல்லாவற்றையும் கேட்டார். அவருக்கு ஆசை இருந்தது. முகத்தில் எழுதி ஒட்டியதுபோல இருந்தது. பிறகு காப்பி டம்ளரைக் கீழே வைத்தார்.

"சிவநேசன், எனக்கு வர ஆசைதான். ஆனா நான் வரக்கூடாது."

"ஏன் அம்மா?"

"இந்தப் பக்கம் சொட்டு மருந்து முகாமெல்லாம் நடத்துறது யாரு? எங்க தொண்டர் அமைப்பு. அதுக்குத் தலைவி யாரு? நான். தெருத் தெருவா ஆள் அனுப்பினது நான். நானே சமைச்சு, நானே ருசி பார்த்து, பிரமாதமா இருக்குன்னு நானே சொல்றதா?"

அது சம்பளமில்லாத தொண்டுதானே, விதியில் அதற்குக் கொஞ்சம் இடம் இருக்கிறது என்றேன். உண்மையில் இடம் இருந்தது. இயக்குநர் அதை முன்பே பார்த்து வைத்திருந்தார்.

"விதியில இடம் இருக்கலாம். என் மனசுல இல்ல. முகாம்ல வெயில்ல நின்ன பொண்ணுங்க முகம் எனக்குத் தெரியும். அவங்க வேலை சரியில்லன்னு என்னால கையெழுத்துப் போட முடியாது. போட முடியாதவ அங்க உட்காரக்கூடாது."

வெறுங்கையோடு திரும்பினால் என்ன சொல்வது என்று யோசித்தேன். அவர் எழுந்து ஜன்னல் பக்கம் போய் நின்றார். திரும்பாமலே சொன்னார்.

"சரியான ஆள் ஒருத்தர் இருக்கார். இன்பசேகரன். மகாபலிபுரத்துல இருக்கார். வைரஸ் பத்தி அவருக்குத் தெரியாதது இல்ல. ரிட்டயர் ஆகி எதுலயும் ஒட்டாம இருக்கார். நீங்க தனியாப் போனா வாசல்லயே நிக்க வச்சு அனுப்பிடுவார். நானும் வரேன்." கொஞ்சம் நிறுத்தி, "ஆனா நாங்க ரெண்டு பேரும் பேசிக்கிறதில்ல" என்றார்.

அன்றே பஸ் ஏறினோம். அம்மாவிடம் ஒரு தூக்கு இருந்தது, அதில் எலுமிச்சைச் சாதம். "அவர் வீட்டுல மீன்தான் இருக்கும்" என்றார். பஸ்ஸில் ஜன்னல்களுக்குக் கண்ணாடி கிடையாது. அதனால் காற்றுக்குக் குறைவில்லை. கொழும்பு பஸ்ஸில் ஏறினால் சோதனைச் சாவடிக்குச் சாவடி இறங்கி, அடையாள அட்டையை நீட்டி, மறுபடி ஏற வேண்டும். இங்கே யாரும் யாரையும் இறங்கச் சொல்லவில்லை. அந்த ஒன்றுக்காகவே என் முழங்கால்களைத் துளைத்த முன் சீட்டுக் கம்பியை மன்னித்தேன்.

வழியில் அம்மா அந்தக் கதையைச் சொன்னார். சில வருடங்களுக்கு முன் ஒரு கூட்டம். முகாம்கள் முடிந்த மகிழ்ச்சியில், எங்கள் பக்கத்தில் இனி போலியோ இல்லை என்று இவர் மேடையில் சொன்னார். கைதட்டல். பின் வரிசையிலிருந்து ஒருவர் எழுந்தார்.

"'போன மாசம் கடற்கரைக் குப்பத்துல ஒரு குழந்தையைப் பார்த்தேன். ஒரு கால் துவண்டு கெடக்கு. மலம் எடுத்துச் சோதனைக்கு நானே அனுப்பினேன். போலியோதான். நீங்க எதை வச்சு இல்லன்னு சொல்றீங்க?' அப்படின்னார். எல்லார் முன்னாலயும். முகாம் நாட்கள்ல அந்தக் குடும்பம் வேற ஊர்ல தொழிலுக்குப் போயிருந்துச்சாம். வீடு பூட்டிக் கெடந்துச்சு. எங்க பொண்ணுங்க கதவைத் தட்டிட்டு வந்துட்டாங்க."

"அவர் கேட்டது சரிதானே?"

"சரிதான். அதனாலதான் வீட்டுக்கு வந்து எனக்குச் சோறு எறங்கல. அதுக்கப்புறம் அவரைப் பார்க்கவே இல்ல."

திருக்கழுக்குன்றத்துக்குள் நுழையும்போது பஸ்ஸின் அடிவயிற்றில் ஏதோ அறுந்து, புகை வந்தது. எல்லோரும் இறங்கினோம். ஓட்டுநர் கீழே குனிந்து பார்த்துவிட்டு, யாரிடமும் ஒன்றும் சொல்லாமல் தேநீர்க் கடைக்குப் போய்விட்டார். நாங்களும் பின்னால் போனோம். கடையில் மலைக்கோயில் கழுகுகளைப் பற்றிப் பேச்சு நடந்தது. கழுகு வருவது நின்று பல காலம் ஆகிவிட்டது என்றார் ஒருவர். போன மாசம்கூட வந்தது என்றார் கடைக்காரர். "நீ பார்த்தியா?" "என் மச்சான் பார்த்தான்." "உன் மச்சான் கண்ணுக்குக் காக்காவும் கழுகுதான்." அம்மா சேலைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டு சிரித்தார். தேநீர் நல்ல கடும் சாயம். சர்க்கரையை மட்டும் அள்ளிக் கொட்டியிருந்தார்கள். எங்கள் ஊரில் என்றால் உள்ளங்கையில் ஒரு துண்டு பனங்கட்டி தந்து, கடித்துக் குடி என்பார்கள்.

மாற்று பஸ் வரும் என்றார்கள். வரவில்லை. மாமல்லபுரத்துச் சிற்பக்கூடத்துக்குக் கருங்கல் ஏற்றிக்கொண்டு போன ஒரு டெம்போவை அம்மா கைகாட்டி நிறுத்தினார். ஓட்டியவர் பெயர் கன்னியப்பன்.

"இன்னாம்மா, பஸ்ஸு பூட்டுச்சா? முன்னால குந்துங்க. சாரு பின்னால கல்லு மேல குந்திக்கட்டும். ஒண்ணும் ஆவாது. சாக்கு போட்டுகீது."

கல்லின் மேல் உட்கார்ந்து மாமல்லபுரம் போன மருத்துவன் நான் ஒருவனாகத்தான் இருப்பேன். வெயிலில் சுட்டிருந்த கல்லுக்குச் சாக்கு போதவில்லை. ஆனால் இருபுறமும் வயல்கள், தென்னைகள், தூரத்தில் ஏரிகள். கடல் தெரிவதற்கு முன்னாலேயே அதன் வாசனை வந்துவிட்டது. முன்னாலிருந்து கன்னியப்பனின் குரல் கேட்டது. "யாரு, அந்தக் கண்ணாடி டாக்டரா? தெரியும்மா. மீனு வாங்கச்சொல்லோ செவுள பிரிச்சி பார்த்துகினே நிப்பாரு. அவராண்ட யாரும் பழைய மீனு விக்க மாட்டாங்க."

கன்னியப்பன் எங்களைக் குப்பத்தின் ஓரமாக இறக்கிவிட்டார். காசு வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் போனார். டாக்டர் இன்பசேகரனின் வீடு சின்னது. சவுக்குத் தோப்புக்கும் குப்பத்துக்கும் நடுவில் இருந்தது. ஒல்லியான மனிதர், தடித்த கண்ணாடி, அரைக்கை பனியன். வாசலில் மீன் கழுவிக்கொண்டிருந்தார். அம்மாவைப் பார்த்ததும் கை நின்றது.

"டாக்டரம்மா" என்றார். வாங்க என்று சொல்லச் சற்று நேரமாயிற்று. ஆனால் சொன்னார்.

மனைவி இறந்தபிறகு தானே சமைக்கிறார். சங்கரா மீன், மாங்காய் போட்ட குழம்பு. தேங்காய்ப்பால் விடாத மீன்குழம்பை நான் குழம்பாக மதிப்பதில்லை. அன்று மதித்தேன். அம்மா சற்றுத் தள்ளி உட்கார்ந்து எலுமிச்சைச் சாதத்தைத் திறந்தார். அவர்கள் இருவரும் என் வழியாகவே பேசிக்கொண்டார்கள். "அவருக்கு ஊறுகாய் வேணுமான்னு கேளுங்க." "வேணும்னு சொல்லுங்க."

கை கழுவியதும் நான் வந்த காரியத்தைச் சொன்னேன். நான் முடிக்கும்வரை கேட்டுவிட்டு அவர் ஒரு கேள்வி கேட்டார்.

"உங்க நாட்டுல வடக்குல சண்டை நடக்குது. அங்கயும் போலியோ இல்லன்னு உங்க அரசாங்கம் சொல்லுது. அங்க யார் போய்ப் பார்த்தாங்க?"

சொட்டு மருந்து நாட்களில் எங்கள் நாட்டில் இரு தரப்பும் சுடுவதை நிறுத்தினார்கள். அதை நான் கண்ணால் கண்டேன். வவுனியாவில் ஒரு சாவடியில், வரிசையில் நின்ற பிள்ளை வெயிலில் அழுதபோது, சிப்பாய் ஒருவன் தொப்பியைக் கழற்றி விசிறினான். அந்தத் தாய் அவனை நிமிர்ந்து பார்க்கவில்லை. பிள்ளையை மட்டும் கொஞ்சம் அவன் பக்கம் திருப்பினாள். இதையெல்லாம் அவரிடம் சொன்னேன்.

"மருந்து குடுத்தாங்க. சரி. அதுக்கப்புறம் கால் துவண்ட பிள்ளைங்களைத் தேடினாங்களா? போலியோவே இல்லாத ஊர்லகூட வேற காரணத்தால கால் துவளும் பிள்ளைங்க சிலபேர் இருப்பாங்க. அப்படி ஒருத்தர்கூட இல்லன்னு ரிப்போர்ட் வந்தா என்ன அர்த்தம்?"

"ஒருத்தரும் பார்க்கேல்லை எண்டு அர்த்தம்."

"உங்க வடக்குலேருந்து எத்தனை வந்துச்சு?"

"சில இடங்களில இருந்து ஒண்டுமே வரேல்லை."

"இத குழு அறிக்கையில எழுத விடுவாங்களா?"

"கஷ்டம்" என்றேன்.

"அப்ப நான் எதுக்கு? முன்னாடி ஒரு குழுவுல உட்கார்ந்தேன். ஒத்துக்க முடியாதுன்னு எழுதினேன். அச்சுல வரும்போது 'பெரும்பாலும் திருப்திகரம்'னு இருந்துச்சு. கை தட்ட ஆள் வேணும்னா ஊர்ல நிறைய பேர் இருக்காங்க, சார். மீனு நல்லா இருந்துச்சா?"

பேச்சு முடிந்தது என்று அர்த்தம். அம்மா தூக்கை மூடிக் கட்டத் தொடங்கினார்.

அப்போதுதான் பள்ளிக்கூடம் விட்டு அந்தச் சிறுமி உள்ளே வந்தாள். எட்டு வயது இருக்கும். வலது காலில் செருப்போடு சேர்த்து இரும்புக் கம்பி வைத்த காலிப்பர். தாய் அஞ்சலை மீன் விற்று முடித்து வரும்வரை அவள் இங்கேதான் வீட்டுப்பாடம் எழுதுவாள் என்று இன்பசேகரன் சொன்னார். பெயர் மேகலா. அன்று கூட்டத்தில் பேசப்பட்ட பிள்ளை இவள்தான் என்று அவர் சொல்லவில்லை. சொல்லாமலே எங்களுக்குப் புரிந்தது.

அம்மாவின் முகம் மாறிவிட்டது. கட்டிய தூக்கைக் கீழே வைத்தார். "கண்ணு, இங்க வா. எனக்கு நடந்து காமி பார்க்கலாம்" என்றார்.

மேகலா நடந்தாள். இடுப்பைத் தூக்கிப் போட்டு, காலைச் சுழற்றி வைத்து நடந்தாள். அம்மா தரையில் உட்கார்ந்து பாவாடையை முழங்காலுக்கு மேல் ஒதுக்கினார். தொடையில் தோல் பட்டை அழுத்தி, கருத்துப் புண்ணாகி இருந்தது. இரும்பின் மடக்கு, முழங்காலுக்கு நேராக இருக்க வேண்டியது, ஒரு கட்டைவிரல் அளவு கீழே இறங்கி இருந்தது. இரும்பு இறங்கவில்லை. பிள்ளைதான் வளர்ந்திருந்தாள்.

"இது யாரு வாங்கிக் குடுத்தது?"

"நான்தான்" என்றார் இன்பசேகரன். அன்று முதல் தடவையாக அம்மாவுக்கு நேராகப் பதில் சொன்னார்.

"எப்போ?"

"ஸ்கூல்ல சேர்த்தப்ப."

"குழந்தை வளரும் சார்."

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மறுபடி போட்டுக்கொண்டு அருகில் வந்து, குனிந்து, அந்தப் புண்ணைப் பார்த்தார். "வலிக்குதாம்மா?" என்று கேட்டார்.

"ஓடச்சொல்லோ மட்டும்தான் தாத்தா."

"ஏன் என்கிட்ட சொல்லல?"

"நீ கேக்கவே இல்லியே" என்றாள் மேகலா. குற்றம் சொல்வதுபோல இல்லை. அவள் வாய்ப்பாட்டை எடுத்துக்கொண்டு எழுத உட்கார்ந்துவிட்டாள்.

அம்மா பட்டையைத் தளர்த்திக் கட்டினார். தன் பையிலிருந்து பஞ்சை எடுத்துத் தோலுக்கும் பட்டைக்கும் நடுவில் வைத்தார். வெற்றி பெற்ற முகம் இல்லை அவருக்கு. அந்தப் பூட்டிய வீட்டின் பிள்ளையை இத்தனை வருடம் கழித்துக் கையால் தொடுகிறார் என்பதுதான் எனக்குத் தெரிந்தது.

வெயில் சாய்ந்தபின் இன்பசேகரன் என்னைக் கடற்கரைக்கு நடக்கக் கூப்பிட்டார். வலைகளைத் தாண்டி, படகுகளைத் தாண்டி, கடற்கரைக் கோயில் தெரியும் இடம்வரை நடந்தோம். எங்கள் ஊரிலும் இதே கடல்தான். ஆனால் எங்கள் கடற்கரைகளில் பலவற்றில் அப்போது மாலையில் நடக்க முடியாது. இங்கே மனிதர்கள் வேர்க்கடலை தின்றுகொண்டு நடந்தார்கள்.

"தினமும் என் கண்ணு முன்னால நடந்துகிட்டிருந்தா" என்றார் அவர். "கணக்குல அவளைச் சேர்க்கணும்னு சண்டை போட்டேன். சேர்த்தாச்சு. அதோட நான் பார்க்கறத நிறுத்திட்டேன். இன்னிக்கு அந்தம்மா வந்து தப்புன்னு சொன்னாங்க. கேட்டுக்கிட்டேன். அது அப்படி ஒண்ணும் கஷ்டமா இல்ல."

அலை வந்து அவர் வேட்டி நுனியை நனைத்தது. அவர் கவனிக்கவில்லை.

"வரேன். ஆனா மூணு விஷயம். நான் எங்க போகணும்னு நான்தான் சொல்வேன். நான் ஒத்துக்கலன்னா அது அறிக்கையில என் வார்த்தையிலயே வரணும். அப்புறம், மேகலாவுக்குக் காலிப்பர் அளவெடுத்த பிறகுதான் வருவேன்."

மூன்றாவதை நான் அங்கேயே ஒப்புக்கொண்டேன். மற்ற இரண்டுக்கும் இயக்குநரைக் கேட்க வேண்டும். மாமல்லபுரம் பஸ் நிலையத்துக்கு அருகே ஒரு எஸ்.டி.டி. பூத்துக்குள் நுழைந்தேன். கண்ணாடிக் கதவைச் சாத்தினால் மூச்சு முட்டியது. திறந்தால் சிற்பக்கூடங்களின் உளிச் சத்தம் உள்ளே வந்தது. திறந்தே வைத்தேன். வெளியே இருந்த வெள்ளைக்கார இளைஞன் ஒருவன் நான் பேசியதை முழுக்கக் கேட்டிருப்பான்.

"இன்பசேகரனா?" இயக்குநரின் ஆங்கிலம் பதறியது. "அந்த மனிதரை வைத்துக்கொண்டு ஒரு கூட்டத்தை முடிக்க முடியாது. பத்மாவதியிடம் மறுபடி பேசும். விதியில் இடம் இருக்கிறது."

"அவர் வரமாட்டார், ஐயா. வரக்கூடாது என்று அவரே சொல்கிறார். அது சரியான முடிவு."

"அப்படியென்றால் வேறு யாரையாவது பாரும். பொறுமையான ஒருவரை."

என் பணி நீட்டிப்பு அவர் கையில்தான் இருந்தது. அது எனக்கு நன்றாக நினைவிருந்தது. ஆனாலும் தொப்பி விசிறிய அந்தச் சிப்பாயும், அவனைப் பாராத அந்தத் தாயும் மனதை விட்டுப் போகவில்லை. அவர்கள் இருவரையும் ஒரு காலைப்பொழுது ஒரே இடத்தில் நிற்க வைத்தது, இந்த நோய் நிச்சயமாகப் போய்விடும் என்று நாங்கள் கொடுத்த வாக்குத்தான். போகாமலே போய்விட்டது என்று அவர்களுக்கு எப்படிச் சொல்வது?

"ஐயா, எளிதாகச் சம்மதிக்கும் ஒருவர் கையெழுத்திட்டால் யாரும் நம்பமாட்டார்கள். இவர் கையெழுத்திட்டால் எல்லோரும் நம்புவார்கள். என் பரிந்துரையில் வேறு பெயர் எழுத என்னால் முடியாது. வேண்டுமானால் வேறு ஆளை அனுப்புங்கள்."

மீட்டரில் சிவப்பு எண்கள் மட்டும் ஓடிக்கொண்டிருந்தன. கடைசியில் அவர் பெருமூச்சு விட்டார். "நிபந்தனைகளை ஃபேக்ஸில் அனுப்பும்" என்றார். கோபமாகத்தான் சொன்னார். ஆனால் சொல்லிவிட்டார்.

நான் வெளியே வந்து ஒரு தட்டு நெத்திலி வறுவல் வாங்கித் தனியாக நின்று தின்றேன். வறுவல் அருமையாக இருந்தது.

மறுநாள் நாங்கள் எல்லோரும் செங்கல்பட்டில் இருந்தோம். அஞ்சலை ஒருநாள் வியாபாரத்தை விட்டுவிட்டு மேகலாவைக் கூட்டி வந்திருந்தாள். காலிப்பர் செய்யும் கடை ஒரு சின்னத் தகரக் கொட்டகை. உள்ளே தோலும் எண்ணெயும் கலந்த வாசனை. செய்பவர் சுண்ணாம்புக் கட்டியால் காகிதத்தில் பிள்ளையின் காலை வரைந்து அளவெடுத்தார். மடக்கு எந்த உயரத்தில் வரவேண்டும் என்பதில் இரண்டு டாக்டர்களுக்கும் சண்டை வந்துவிட்டது.

"இன்னும் ஒரு விரல் மேல வைக்கணும்."

"இப்பவே மேல வச்சா உக்காரும்போது இடிக்கும் சார். வளரவளர நீட்டுற மாதிரி துளை போடச் சொல்லுங்க."

"அது சரி. அது நல்ல யோசனை."

"நல்ல யோசனைன்னு சொல்றதுக்கு உங்களுக்கு இத்தனை வருஷம் ஆச்சு."

அஞ்சலை என் பக்கம் சாய்ந்து, "இவங்க ரெண்டு பேரும் சொந்தமா சார்?" என்று மெதுவாகக் கேட்டாள். இல்லை என்றேன். அவள் நம்பவில்லை. மேகலாவுக்கு அதிலெல்லாம் அக்கறை இல்லை. தோல் பட்டை சிவப்பு நிறத்தில் கிடைக்குமா என்று கேட்டாள். கிடைக்கும் என்றார் கடைக்காரர்.

மத்தியானம் எல்லோருமாக ஒரு சாப்பாட்டுக் கடையில் இலை போட்டுச் சாப்பிட்டோம். இன்பசேகரனும் பத்மாவதி அம்மாவும் எதிரெதிரே உட்கார்ந்தார்கள். ஊறுகாயை அவர்களே ஒருவருக்கொருவர் தள்ளிக்கொண்டார்கள். எனக்கு வேலை இல்லாமல் போனதில் பெரிய சந்தோஷம். மூன்றாவது முறை ரசம் கேட்டு வாங்கினேன். மாலையில் ரயிலேறினேன்.

அடுத்த வருடம் குழுவின் முதல் கூட்டம் நடந்தது. நாடுகளின் அறிக்கைகளை அகரவரிசையில் எடுக்க வேண்டாம், நிலைமை எளிதாக உள்ள நாட்டிலிருந்து தொடங்கலாம் என்றார்கள். என் நாட்டைத்தான் முதலில் எடுத்தார்கள். எங்கள் தரப்பில் வாசித்தவர் என் பழைய மேலதிகாரி. அழகான வரைபடங்கள். குழுவில் ஒவ்வொருவராகத் தலையாட்டிக்கொண்டு வந்தார்கள். இன்பசேகரனின் முறை வந்தது. வடக்கே காலியாக இருந்த இடங்களில் ஒவ்வொன்றாக விரல் வைத்து, இங்கே யார் பார்த்தார்கள், இங்கே யார் பார்த்தார்கள் என்று கேட்டார். பதில் இல்லை. "அப்படியானால் நான் ஒப்புக்கொள்ளவில்லை" என்றார். அது அவருடைய வார்த்தையிலேயே அறிக்கையில் ஏறியது.

இயக்குநர் என்னைத் திரும்பிப் பார்த்தார். என் மேலதிகாரி தேநீர் இடைவேளையில் என்னைக் கண்டும் காணாததுபோலப் போனார். முகம் சூடாகத்தான் இருந்தது. என் நாட்டை அல்லவா நிறுத்தி வைத்திருந்தார்கள். ஆனால் நெஞ்சில் ஒரு பாரம் இறங்கியிருந்ததும் உண்மை. என் கோப்பையை எடுத்துக்கொண்டு இன்பசேகரனுக்குப் பக்கத்து நாற்காலியில் போய் உட்கார்ந்தேன்.

"வருத்தமா?" என்றார்.

"கொஞ்சம்."

"அங்க போய்ப் பார்க்க வழி இருக்கா?"

"இருக்கு. ரெண்டு பக்கத்திலயும் பாஸ் எடுக்கவேணும். நாளாகும். பாதையும் நல்லா இல்லை. நாங்கள் ஆக்களை அனுப்பிப் பார்த்துச் சொல்லுறம்."

அவர் பிஸ்கட்டைத் தேநீரில் நனைத்துச் சாப்பிட்டு முடித்தார். கைக்குட்டையால் விரல்களைத் துடைத்துக்கொண்டார்.

"யாரையும் அனுப்ப வேணாம். எனக்கும் சேர்த்து ஒரு பாஸ் கேளுங்க."

அன்று பின்னேரமே எங்கள் இரண்டு பேருக்கும் பாஸுக்கு விண்ணப்பித்தேன்.